மலை ஏறும் ஜீப்பும் பானெட் துளையும்

ஜீப், தார், ஜிப்சி போன்ற காட்டுப்பாதை வண்டிகளின் பானெட்டை வெட்டி, அந்த இடத்தில் சரிந்த இதழ்கள் கொண்ட தகட்டையோ பிளாஸ்டிக் சட்டத்தையோ பொருத்துவதைப் பானெட் வென்ட் வைப்பது என்கிறார்கள். எஞ்சின் அறைக்குள் தேங்கும் சூடான காற்று மேல்வழியாக வெளியேற இது உதவும். பழைய வீட்டுச் சமையலறையில் புகைபோக்கி செய்த வேலைதான் இது. சன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மேலே போக வழியில்லாவிட்டால் புகை உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். எஞ்சின் அறையின் சூடும் அப்படித்தான்.

இந்தத் துளை எங்கே பயன்படும், எங்கே வெறும் அலங்காரமாகிவிடும் என்பதைப் புரிந்துகொள்ள வித்துரா நல்ல இடம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது இந்த ஊர். இங்கிருந்து மலைக்கு இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று கல்லாறு வழியாக, 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள பொன்முடிக்குப் போகிறது. அது தார்ச்சாலை, அரசுப் பேருந்தும் ஏறும். மற்றொன்று போணக்காடு தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறது. 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்துக்கு நடப்பவர்கள் அங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். தோட்டப் பாதைக்கே உரிய கல்லும் குழியுமான இடங்களில் வண்டி ஊர்ந்துதான் போக வேண்டும். பொன்முடிச் சாலையில் எஞ்சின் சூடாகும் விதம் வேறு, இப்படி ஊரும் பாதையில் சூடாகும் விதம் வேறு.

ஊர்ந்து ஏறும் வண்டியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து இரண்டு டன் எடையுள்ள ஒரு ஜீப், 100 மீட்டருக்கு 20 மீட்டர் உயரும் சரிவில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது. எடையை மேலே தூக்க மட்டும் சுமார் எட்டரை கிலோவாட் திறன் தேவை. சக்கரத்தின் உருள்தடை, கியர்களின் இழப்பு எல்லாம் சேர்ந்தால் எஞ்சின் 12 கிலோவாட் அளவுக்கு உழைக்க வேண்டியிருக்கும். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உழைப்பாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியாகப் போகிறது. மீதிப் பங்கு கூலன்ட் வழியாக ரேடியேட்டருக்கு வந்து சேர்கிறது. அதாவது ரேடியேட்டர் மட்டுமே சுமார் 12 கிலோவாட் வெப்பத்தைக் காற்றில் கொட்டுகிறது. பன்னிரண்டு இஸ்திரிப் பெட்டிகளை முழுச் சூட்டில் வைத்து ஒரு சிறிய அறையில் அடைத்தது போன்ற நிலை இது.

தார்ச்சாலையில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எதிர்காற்று இந்த வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். 8 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று என்று சொல்ல எதுவும் இல்லை. முழுப் பொறுப்பும் ஃபேன் மேல் விழுகிறது. மலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. வெயில் ஏறியபின் மலைச்சரிவில் காற்று பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கி வீசும். மேலே ஏறும் வண்டிக்கு அது பின்காற்று. முன்னால் ஃபேன் இழுக்க, பின்னாலிருந்து காற்று வண்டியோடு கூடவே வந்தால், கிரில் வழியாக நுழையும் காற்று இன்னும் குறையும். பிற்பகலில் கொதிக்கும் வண்டி அதே சரிவில் விடியற்காலையில் அமைதியாக ஏறுவதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை.

ரேடியேட்டரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் காற்று உள்ளே வருவதைப் பற்றியே பேசுகிறார்கள். வெளியே போவதைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. கிரில் வழியாக நுழைந்து ரேடியேட்டரைக் கடந்த காற்று எஞ்சின் மேல் மோதி, கீழே இறங்கி, கியர்பாக்ஸ் ஓரமாகவும் சக்கர வளைவுகள் வழியாகவும் வெளியேற வேண்டும். காட்டுப்பாதைக்கு என்று வண்டியைத் தயார் செய்பவர்கள் முதலில் செய்வது, எஞ்சினுக்கு அடியில் ஒரு தடித்த பாதுகாப்புத் தகடு போடுவது. கல்லில் அடிபடாமல் அது காப்பாற்றுகிறது. அதே தகடு காற்று கீழே இறங்கும் வழியையும் அடைக்கிறது. வெளியேற முடியாத காற்று உள்ளே அழுத்தமாகத் தேங்கும். புதிய காற்று நுழைய இடம் கிடைக்காது. பானெட் துளைக்கு உண்மையான தேவை இங்கே பிறக்கிறது. கீழே மூடிய வழிக்குப் பதிலாக மேலே ஒரு வழியைத் திறக்க வேண்டியிருக்கிறது.

இது புதுச் சிந்தனையும் இல்லை. 1920, 1930களின் கார்களில் பானெட்டின் இரு பக்கமும் வரிசையாகக் கீற்றுகள் இருந்தன. கூலன்ட் அமைப்பும் ஃபேனும் மேம்பட்ட பிறகு அவை மறைந்தன. இப்போது கரடுமுரடான பாதைக்கென்றே செய்யப்படும் வண்டிகளில் மீண்டும் தலைகாட்டுகின்றன. ஜீப் ராங்லர் ரூபிக்கானின் பத்தாம் ஆண்டு நினைவாக 2013இல் வந்த பதிப்பில் நிறுவனமே இரட்டைத் துளை வைத்த பானெட்டைக் கொடுத்தது.

துளையையும் ஸ்கூப்பையும் ஒன்றாக நினைத்துக் குழம்பக்கூடாது. முதல் தலைமுறை டொயோட்டா ஃபார்ச்சூனரின் பானெட்டில் முன்நோக்கி வாய் திறந்த மேடு ஒன்று இருக்கும். அதுதான் ஸ்கூப். எஞ்சினுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் இன்டர்கூலருக்குக் குளிர்ந்த காற்றை உள்ளே கொண்டுவருவது அதன் வேலை. வென்ட்டின் வேலை நேர் எதிர். உள்ளிருக்கும் காற்றை வெளியே விடுவது. ஃபார்ச்சூனரின் அழகைப் பார்த்து, இன்டர்கூலர் முன்பக்கம் இருக்கும் வண்டியிலும் முன்நோக்கிய ஸ்கூப் வைத்துக்கொள்கிறார்கள் சிலர். ஏற்கெனவே வெளியேற வழியில்லாத அறைக்குள் இன்னும் காற்றைத் திணிப்பதுதான் அதன் பலன். வெப்பம் வெளியேறத்தான் துளை என்றால், இதழ்களின் வாய் பின்நோக்கியே இருக்க வேண்டும்.

அடுத்து இடம். ஓடும் வண்டியின் பானெட் மேல் காற்றழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. முன்விளிம்பைத் தாண்டியவுடன் காற்று வளைந்து விரைவதால் அங்கே அழுத்தம் குறையும். பின்னால் போகப் போக அது ஏறி, முன்கண்ணாடியின் அடிவாரத்தில் உச்சத்துக்கு வரும். ஜீப், தார் போன்ற வண்டிகளின் கண்ணாடி ஏறத்தாழ நேராக நிற்பதால், காற்று அங்கே சுவரில் முட்டியது போல நின்றுவிடும். எனவே கண்ணாடிக்கு அருகில் வைத்த துளை, வேகமாகப் போகும்போது சூட்டை வெளியே விடுவதற்குப் பதில் வெளிக்காற்றை உள்ளே தள்ளக்கூடும். பானெட்டின் பின்முனையை வாஷர் வைத்து ஒரு விரற்கடை தூக்கிவிடும் பட்டறை வழக்கமும் இதே காரணத்தால் ஓட்டத்தில் பலிப்பதில்லை. வண்டி நிற்கும்போது கொஞ்சம் சூடு போகும், அவ்வளவுதான்.

கண்ணாடி அடிவாரத்தைத் தவிர்க்க இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பெரும்பாலான வண்டிகளில் ஏசிக்கும் காற்றோட்டத்துக்கும் வெளிக்காற்றை எடுக்கும் வாய் அங்கேதான் இருக்கிறது. புகைக்குழாய்த் தொடக்கத்தில் சிறு கசிவு இருந்தாலும், பின்பக்கத் துளை வழியாக வரும் கார்பன் மோனாக்சைடு நேராக ஆட்கள் உட்காரும் இடத்துக்குப் போய்விடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும் வண்டியில் இந்தத் தவறு நடக்கவே கூடாது. ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் சற்றுப் பின்னால், பானெட்டின் முன்பாதியில், இரு ஓரமாக வைப்பதே முறை.

மிக மெதுவாக ஊரும்போது மேலே சொன்ன அழுத்தக் கணக்கு எதுவும் வேலை செய்யாது. அப்போது துணைக்கு வருவது இரண்டு: ஃபேன் தள்ளும் தள்ளலும், சூடான காற்றின் மேலே எழும் இயல்பும். எஞ்சினை அணைத்தபின் இந்த எழுச்சி இன்னும் முக்கியம். ஃபேனும் நின்று கூலன்ட் ஓட்டமும் நின்றபின், டர்போவிலும் புகைக்குழாயிலும் தேங்கிய வெப்பம் எஞ்சின் அறைக்குள் பரவும். அணைத்த முதல் சில நிமிடங்களில்தான் அறையின் சூடு ஏறும் என்பது பலருக்குத் தெரியாது. ரப்பர் குழாய்களும் வயர் உறைகளும் பேட்டரியும் வயதாவது அந்த நேரத்தில்தான். கார்ப்புரேட்டர் காலத்து ஜிப்சி, வெயிலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது இதனால். பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்கிறது. பானெட் துளையின் பலனைக் கையால் தொட்டு உணரக்கூடிய இடம் இதுதான். ஏறி முடித்து வண்டியை நிறுத்தியபின் துளைக்கு மேல் உள்ளங்கையைப் பிடித்தால், அனல் ஓடிக்கொண்டிருப்பது தெரியும்.

இனி எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். துளை வைத்தபின் டாஷ்போர்டில் வெப்பமானி முள் இறங்கும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் கூலன்ட்டின் வெப்பத்தைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட். எண்பது டிகிரிக்கு மேல் அது திறக்கத் தொடங்கி, தேவையான அளவு மட்டும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும். துளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமவெளியில் முள் அதே இடத்தில்தான் நிற்கும். துளை தருவது மேலே ஏறும்போது கைவசம் இருக்கும் கொஞ்சம் கூடுதல் இடைவெளி. அறைக்குள் இருந்தே எஞ்சின் மூச்சு வாங்கும் வண்டிகளில் இன்னொரு சிறு ஆதாயமும் உண்டு. உள்ளிழுக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். அந்த இழப்பு கொஞ்சம் மிச்சமாகும்.

அதனால் ஒரு வண்டி கொதிக்கிறது என்றால் முதலில் தகடு வெட்டும் ஜிக்சாவை எடுக்கக்கூடாது. வித்துராப் பக்கத்துச் செம்மண்ணில் ஒரு மழைக்காலம் ஓடிய வண்டியின் ரேடியேட்டரை விளக்கடித்துப் பார்த்தால் போதும். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலான சந்தில் காய்ந்த சேறும் புல்விதையும் பூச்சி இறக்கையும் அடைபோல ஒட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்நோக்கி மெதுவான தண்ணீரால் கழுவி எடுத்தால், பல வண்டிகளின் நோய் அங்கேயே தீர்ந்துவிடும். அழுத்தத் தண்ணீர் அடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடிந்து நிலைமை மோசமாகும்.

அதற்கடுத்து ரேடியேட்டர் மூடி. ஒரே ஓட்டத்தில் சுமார் 1,000 மீட்டர் ஏறுகிற ஊரில் இந்தச் சின்னப் பொருள் பெரிய வேலை செய்கிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், பொன்முடி உயரத்தில் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து, மூடி சரியாக அழுத்தம் பிடித்தால், கொதிநிலை 120 டிகிரிக்கும் மேலே போகும். கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர், அதன் மேல் ரப்பர் வளையம் தேய்ந்த மூடி என்று ஓடும் வண்டி நெடுமங்காட்டில் எந்தக் குறையும் காட்டாது. இருபதாவது வளைவில் கொதித்துவிடும். உயரத்தில் காற்றின் அடர்த்தியும் பத்தில் ஒரு பங்கு குறைவு. ரேடியேட்டரின் திறனும் அந்த அளவுக்குக் குறையும். இந்த வண்டிக்குத் தேவை ஒரு புது மூடியும் சரியான கூலன்ட்டும்தான். பானெட்டில் எத்தனை துளை போட்டாலும் அது திருந்தாது.

விஸ்கஸ் ஃபேனின் பிடி தளர்ந்திருப்பது, ஃபேனைச் சுற்றிய ஷ்ரவுட் உடைந்திருப்பது, தெர்மோஸ்டாட் பாதியில் சிக்கியிருப்பது, ஹெட் கேஸ்கெட் கசிவது ஆகியவற்றையும் பார்த்து முடித்தபின், வண்டி எல்லாம் சரியாக இருந்தும் ஊரும்போது மட்டும் சூடாகிறது என்றால் துளையைப் பற்றி யோசிக்கலாம்.

வெட்டும் முன் சோதிக்கவும் வழி இருக்கிறது. போதிய நீளமுள்ள மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயை ஆங்கில யூ எழுத்துப் போல வளைத்து, ஒரு அட்டையில் ஒட்டி, பாதி அளவுக்கு நிறம் கலந்த தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாயின் ஒரு முனையைத் துளை வரப்போகும் இடத்துக்கு நேர் கீழே எஞ்சின் அறைக்குள் ஃபேனில் படாமல் கட்ட வேண்டும். மறு முனையைப் பானெட்டின் மேல், அதே இடத்தில் தட்டையாக டேப் போட்டு ஒட்ட வேண்டும். அட்டை ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருபவரின் மடியில் இருக்க வேண்டும். வண்டி ஓடும்போது உள்முனைப் பக்கத் தண்ணீர் கீழே தள்ளப்பட்டால், உள்ளே அழுத்தம் அதிகம். அங்கே துளை போட்டால் காற்று வெளியே போகும். தண்ணீர் எதிர்ப்பக்கம் நகர்ந்தால் இடம் தவறு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்றின் முழு அழுத்தமே சுமார் 17 மில்லிமீட்டர் நீர் உயரம்தான் என்பதால், சில மில்லிமீட்டர் வேறுபாடுகூடக் கவனிக்கத்தக்கது. சில நூறு ரூபாய்ச் செலவில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் பானெட்டை வெட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணறு தோண்டுவது போல. ஊரும் வேகத்தில் குழாய் எதையும் காட்டாது. அதற்கு ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்னக் கருவியை வைத்து, ஒரே சரிவில், நாளின் அதே வேளையில், துளை போடுவதற்கு முன்னும் பின்னும் கூலன்ட் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளலாம்.

அளவிலும் கண் ஏமாற்றும். முன்னே சொன்ன 12 கிலோவாட்டைக் காற்று 30 டிகிரி சூடேறி எடுத்துக்கொண்டு போக வேண்டுமானால், நொடிக்கு ஒரு கனமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு காற்று தேவை. அது நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வெளியேற ஏறத்தாழ 700 சதுர சென்டிமீட்டர் திறப்பு வேண்டும். ஒரு ஏ4 தாளைவிடச் சற்றுப் பெரிது. கடையில் கிடைக்கும் லூவர் எனும் கீற்றுத் தட்டு ஒன்று பார்வைக்கு அந்த அளவு இருக்கும். ஆனால் 10 சென்டிமீட்டர் நீளமும் 6 மில்லிமீட்டர் வாயும் உள்ள 20 கீற்றுகளின் நிகரத் திறப்பு 120 சதுர சென்டிமீட்டர்தான். இரு பக்கமும் வைத்தால் 240. உள்ளே வலையும் அடித்தால் இன்னும் குறையும். காற்று முழுவதும் மேலே போக வேண்டியதில்லை, கீழ்வழியும் ஓரளவு இருக்கும் என்பதால் 240 பயனற்றதில்லை. ஒரு சிகரெட் பெட்டி அளவுக்குப் பளபளப்பான வென்ட் வாங்கி ஒட்டுவது மட்டும் பணத்துக்குக் கேடு. அவற்றில் சில, பானெட்டை வெட்டாமலே மேலே ஒட்டும் பொய்த்துளைகள்.

அடுத்தது மழை. கேரளத்தில் இதைத் தள்ளிவைத்துவிட்டுப் பேச முடியாது. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமும் நனைக்கும் மலை இது. மேலே திறந்த துளை வழியாகத் தண்ணீர் உள்ளே விழத்தான் செய்யும். மழையில் நனைந்தாலும் கெட்டுப்போகாதபடிதான் எஞ்சின் அறையில் பல பாகங்கள் செய்யப்பட்டிருக்கின்றன. ஆனாலும் நேர் கீழே எது இருக்கிறது என்று பார்க்காமல் வெட்டக்கூடாது. ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஏர் ஃபில்டரின் வாய், பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் குழிகள் ஆகியவற்றுக்கு நேர் மேலே துளை வரக்கூடாது. தவிர்க்க முடியாவிட்டால், துளைக்கு அடியில் ஒரு சரிந்த தட்டும் ஓரமாக வடிகுழாயும் வைத்து, விழும் தண்ணீரை ஒரு பக்கமாக இறக்கிவிட வேண்டும்.

முதல் மழையில் ஓட்டுநரைப் பதறவைக்கும் காட்சி ஒன்று உண்டு. வளைவில் எதிர்வண்டிக்கு ஒதுங்கி நிற்கும்போது துளைகளிலிருந்து வெண்ணிறமாக ஆவி எழும். ரேடியேட்டர் வெடித்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். சூடான பாகத்தில் விழுந்த மழைத்துளிதான் ஆவியாகிறது. முள் ஏறாமல் இருந்து, கூலன்ட்டுக்கே உரிய இனிப்பு வாடையும் வராவிட்டால், பயப்பட ஒன்றுமில்லை.

மழையைவிட அதிகக் கவனம் கேட்பது சருகு. ரப்பர் மரங்கள் ஆண்டுதோறும் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்க்கும். வித்துராவில் தோட்டத்து நிழலில் இரவு நிறுத்திய வண்டியின் பானெட் காலையில் சருகால் மூடியிருக்கும். திறந்த கீற்றுகள் வழியாகக் காய்ந்த இலை உள்ளே விழுந்து, புகைக்குழாய்த் தொடக்கத்திலோ டர்போவிலோ தங்கினால், அடுத்த ஏற்றத்தில் அது விறகு. முழுச் சுமையில் அந்தப் பாகங்கள் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். கீற்றுகளுக்கு அடியில் துருப்பிடிக்காத கம்பிவலை வைப்பது கட்டாயம் என்றே சொல்ல வேண்டும். நிகரத் திறப்பு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. இலையுதிர் மாதங்களில் காலையில் வண்டியை எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

வெட்டும் வேலை பொறுமையைக் கேட்பது. இன்றைய பானெட் ஒரே தகடு இல்லை. மேலே மெல்லிய தகடு. அடியில் மடிப்பும் குழிவுமாக அழுத்தி எடுத்த ஒரு சட்டம். பானெட்டின் உறுதியும், மோதலில் அது எங்கே மடங்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அதை வெட்டினால் வேகத்தில் பானெட் படபடக்கும். விபத்தில் கண்ணாடியை நோக்கி வரவும் கூடும். எனவே அளவு எடுப்பது அடிப்பக்கத்திலிருந்து. சட்டத்தின் விலாக்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்களைத் தாளில் வரைந்து, கீலும் பூட்டும் இருக்கும் பகுதிகளை ஒதுக்கிவிட்டு, நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் சம தூரம் வைத்து மேலே மாற்ற வேண்டும். வெட்டுகிற இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் அகலமாக ஒட்டினால் ஜிக்சாவின் அடித்தட்டு பெயின்டைக் கீறாது. மூலைகளில் முதலில் வட்டத் துளை போட்டு, அவற்றை இணைத்து வெட்ட வேண்டும். கூர்மூலையாக விட்டால் அதிர்வில் அங்கிருந்துதான் தகடு கிழியும். எஞ்சின் மேல் பழைய போர்வையை விரித்து மூடாமல் வெட்டினால் இரும்புத்தூள் ஆல்டர்னேட்டருக்குள் போகும். பானெட்டைக் கழற்றித் தனியே வைத்து வெட்டுவது அதைவிட நல்லது.

வெட்டிய விளிம்புதான் இந்த வேலையின் உயிர். அரம் போட்டுப் பிசிறு நீக்கி, விரலால் தடவிப் பார்த்து, துருத்தடுப்புப் பிரைமர் இரண்டு கை அடித்து, அதன் மேல் பெயின்ட் போட்டு, முழுதும் காய்ந்தபின்தான் ரப்பர் கேஸ்கெட் வைத்து வென்ட்டின் சட்டத்தை இறுக்க வேண்டும். அவசரத்தில் பிரைமர் இல்லாமல் மூடிய விளிம்பு, கேஸ்கெட்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் துருப்பிடித்து, ஒன்றிரண்டு மழைக்காலத்தில் பெயின்டைக் கொப்பளிக்க வைக்கும். அலுமினியத் தட்டை எஃகு பானெட்டில் போடுகிறவர்கள் இரண்டும் நேராக உரசாதபடி இடையில் ரப்பரோ நைலான் வளையமோ வைக்க வேண்டும். ஈரத்தில் இரு உலோகங்களும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் வெப்பத்தடுப்புப் பஞ்சை வெட்டிய அளவுக்கு மட்டும் எடுத்து, ஓரத்தைச் சூடு தாங்கும் டேப்பால் மூடிவிட வேண்டும். பிசிறு தொங்கினால் அதுவும் எரிபொருள்தான்.

தட்டு பானெட்டின் பரப்போடு பரப்பாக அமைவதே நல்லது. சாலையில் நடப்பவர் மேல் வண்டி மோதினால் அவர் தலை வந்து விழும் இடம் பானெட். தகடு வளைந்து கொடுத்து உயிரைக் காக்க வேண்டும் என்பதற்காகவே இந்தியாவில் ஏஐஎஸ்-100 என்ற பாதசாரிப் பாதுகாப்புத் தரம் வந்தது. அதே அக்கறையில்தான் 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் முன்பக்க இரும்புக் கம்பிகளுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியது. கூர்விளிம்போடு துருத்திக்கொண்டு நிற்கும் வென்ட், அழகாக இருந்தாலும் வேண்டாம்.

சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் கேரளத்தில் எந்த மாற்றத்தையும் செய்யக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. மாற்றத்துக்கு இடம் கொடுத்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை 2019 ஜனவரி 9 அன்று ரத்து செய்து, உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாக உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பதிவுச் சான்றில் பானெட் துளைக்கென்று ஒரு கட்டம் இல்லை என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு இது குற்றமில்லை என்று பட்டறையில் யாராவது சொன்னால் நம்பி இறங்க வேண்டாம். சாலையில் வண்டியை நிறுத்தும் அதிகாரி அதை எப்படிப் பார்ப்பார் என்பதே முக்கியம். வித்துராக்காரருக்கு நெடுமங்காட்டில், கேஎல்-21 எண் வழங்கும் அலுவலகம் இருக்கிறது. படத்தோடு எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கியபின் வேலையைத் தொடங்குவதுதான் பாதுகாப்பு. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்க ஒரு காரணமாகிவிடும். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டியில், துளை வழியாக நனைந்த பாகத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இத்தனைக்கும் பிறகு துளை வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் வண்டியோடு வந்த அசல் பானெட்டில் கை வைக்காமல் இருப்பது நல்லது. பழைய வண்டி உடைக்கும் இடங்களில் அதே மாதிரிக்குரிய பானெட் ஒன்றை வாங்கி, அதை வெட்டி, பெயின்ட் அடித்துப் பொருத்திக்கொள்ளலாம். அசல் பானெட்டைத் துணி சுற்றிப் பரணில் வைத்துவிட வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டாலும், வண்டியை விற்க நேர்ந்தாலும், கீலில் இருக்கும் சில போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால், அரை மணி நேரத்தில் பழையபடி மாட்டிவிடலாம்.